மூன்று மாதம் அவிழாத மூட்டைகள்

புது வீட்டுக்குக் குடிபோய் மூன்று மாதம் நாங்கள் மூட்டைகளைப் பிரிக்காமலே வாழ்ந்தோம். இதை என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் என்னைப்போலத் தலையில் பாதி வெள்ளை விழுந்தவர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒரே அறையில், அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு சாக்குத் திரையோடு வளர்ந்தவர்கள். ஒரு வீட்டில் நாலு அறை இருப்பது எவ்வளவு பயமான விஷயம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் லயத்துக்கு மேலே, பழைய தேயிலையைப் பிடுங்கிப்போட்ட சரிவில் இருபது வீடுகள் கட்டினார்கள். ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம். கல்லும் மணலும் நாங்களே சுமக்க வேண்டும், கட்டுவதற்கு மேசன் வருவார் என்பது ஏற்பாடு. அப்பாவுக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுப்பவள். வாரம் ஆறு நாள் கூடை சுமந்துவிட்டு, ஏழாம் நாள் அதே தலையில் கல் சுமந்தாள். ஒன்றரை வருஷம். அந்தக் காலத்தில் அவள் களைத்துப்போய் உட்கார்ந்ததைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சுவர் எழும்ப எழும்ப, அதன் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நிற்பாள். அவ்வளவுதான்.

குடிபோனது தை மாதம். கீழே பெரிய ரோட்டில் நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே வெள்ளை உடுத்தி யாத்திரையாக மலையேறப் போகிறவர்கள். அவர்கள் பாடுகிற பாட்டு பனிமூட்டத்துக்குள் நுழைந்து எங்களிடம் வந்து சேரும்போது வார்த்தைகளையெல்லாம் வழியில் விட்டுவிட்டு, வெறும் முனகலாக இருக்கும். நாங்கள் அந்த முனகலைக் கேட்டபடி மூட்டைகளோடு படியேறினோம். ஒன்பது சாக்கு, இரண்டு தேயிலைப் பெட்டி, ஒரு டிரங்குப் பெட்டி. தம்பிக்கு ஐந்து வயது. அவன் அலாரம் மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

பால் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். அம்மா மூட்டைகளைப் பின்னறைச் சுவரோடு சேர்த்து அடுக்கினாள். இரண்டு சட்டி, நாலு கோப்பை, ஓர் அகப்பை, படுக்கிற பாய், கம்பளி. இவற்றை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, சாக்கின் வாயைத் திரும்பவும் இறுக்கிக் கட்டினாள்.

"மிச்சத்த நாளைக்கு எடுப்போம்" என்றாள்.

அந்த நாளை வரவேயில்லை.

குசினியில்தான் சமைத்தோம், குசினியில்தான் சாப்பிட்டோம், நாலு பேரும் குசினியில்தான் படுத்தோம். மற்ற மூன்று அறைகளும் சும்மா கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அந்த அறைகளுக்குள் போய்விடுவேன். ஈரச் சுண்ணாம்பு வாசம். திரை இல்லாத சன்னல் வழியாக வெயில் வந்து தரையில் சதுரமாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சதுரத்துக்குள் நானும் உட்கார்ந்துகொள்வேன். அது மெல்ல நகரும், நானும் புத்தகத்தோடு நகர்வேன். மூன்று மணிக்குமேல் பனிமூட்டம் முன்கதவு வழியாக உள்ளே வரும். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு, யாரும் உபசரிக்காத விருந்தாளி மாதிரி பின்கதவு வழியாக வெளியே போகும். தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சுவர்கள் இரண்டு தரம் சொல்லிப் பார்க்கும். எனக்கு அந்த வீடு தண்ணீருக்குள் இருப்பது மாதிரியே தோன்றும். நடந்தால் மிதப்பது போலிருக்கும்.

ஏதாவது வேண்டுமென்றால் சாக்குக்குள் கைவிட்டுத் தேட வேண்டும்.

"அம்மா, சீப்பு எந்த சாக்குல?"

"மூணாவதுல. மேலேயே இருக்கும், கைய விட்டுப் பாரு."

அவள் சொன்ன இடத்தில் அது இருக்கும். ஒன்பது சாக்கிலும் எது எங்கே என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள். ஐந்தாவது சாக்கை மட்டும் தொடவிடமாட்டாள். "அதுல உனக்கு வேண்டியது ஒண்ணும் இல்ல" என்பாள்.

அம்மா ஏன் இப்படி இருக்கிறாள் என்பதற்கு அப்பாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். கல்யாணமான புதிதில் அம்மா லயத்துச் சுவரில் கண்ணாடி மாட்ட ஓர் ஆணி அடித்தாளாம். அது மறுபக்கம் பக்கத்துக் காம்பராவில் எட்டிப் பார்த்ததாம். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து, தோட்டத்துச் சுவரை யாரைக் கேட்டு ஓட்டை போட்டாய் என்று சத்தம்போட்டு, அடுத்த நாள் காலை பெரட்டில் எல்லோரும் வேலைக்கு நிற்கிற இடத்தில் வைத்து அவள் பெயரைச் சொல்லி ஏசினாராம்.

"அதுல இருந்து இவளுக்கு ஆணின்னாலே பயம்" என்று முடிப்பார் அப்பா. பிறகு அம்மாவைப் பார்த்து, "இது நம்ம செவுரு புள்ள. எத்தன ஆணி வேணும்னாலும் அடி. எவன் கேக்குறான்னு பாப்போம்" என்பார்.

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளுவாள்.

மாசி மாதத்தில் கந்தப்பளையிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கச்சி. புருஷன் டவுனில் கடை வைத்திருந்தார். உள்ளே வந்து மூன்று அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னண்ணி இது? நாளைக்கே கெளம்பிப் போறவங்க மாதிரி கட்டி வச்சிருக்கீங்க?"

அம்மாவின் முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன். அத்தை பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டாள். தேயிலைப் பெட்டிகளை முன்னறையில் போட்டு, மேலே தாள் விரித்து, தான் கொண்டுவந்த பிளாஸ்டிக் ரோசாப்பூவை ஒரு போத்தலில் வைத்தாள். நாலு சாக்கை அவிழ்த்துக் கோப்பைகளைச் சன்னல் கட்டையில் அடுக்கினாள். டவுன் வீடுகளில் எப்படி வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே செய்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓடி ஓடி எடுத்துக்கொடுத்தேன். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய வீட்டையோ பார்ப்பது போலக் கதவோரத்தில் நின்றாள்.

பின்னேர பஸ்ஸில் அத்தை போனாள். பஸ் வளைவு திரும்பிய சத்தம் கேட்டதும் அம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி, துணியில் சுற்றி, சாக்குக்குள் வைத்தாள். அவசரமே இல்லை. தூங்குகிற பிள்ளையைப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி வைத்தாள். பிளாஸ்டிக் ரோசாப்பூவையும்தான்.

"ஏம்மா எடுக்கிறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு."

"இருக்கட்டும்" என்றாள்.

அத்தை ஊர் முழுக்க, அண்ணிக்கு வீடு வைக்கத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அது எங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நானும் அதை நம்பினேன். கூடப் படித்த ஒருத்தி வீட்டைப் பார்க்க வருகிறேன் என்றபோது, உள்ளே இன்னும் பூச்சு காயவில்லை, யாரும் போகக்கூடாது என்று பொய் சொன்னேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹட்டனிலிருந்து ஒரு சுவர் மணிக்கூடு வாங்கி வந்தார். கூடவே ஒரு பொட்டலம் ஆணி. அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்னறைச் சுவரில் ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். அது வளைந்தது. இன்னொன்று எடுத்து இன்னும் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. உள்ளே இருந்த கல் தெரிந்தது.

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தாள். அவள் அப்படிச் சத்தம்போட்டு நான் கேட்டதே இல்லை.

"உறுதி இல்லாத வீட்டுல ஆணி அடிக்கிறீங்களே, உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"சாவி குடுத்தாச்சுல்ல? சாவி என் இடுப்புல இருக்குல்ல?" என்று அப்பாவும் கத்தினார். பிறகு சுத்தியலைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

உறுதி இல்லாத வீடு. எனக்கு அந்த வார்த்தைதான் மனதில் நின்றது. சுவர் பெயர்ந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆக, வீட்டுக்குப் பலமில்லை. அம்மாவுக்கு அது முதலிலிருந்தே தெரியும். அதனால்தான் மூட்டைகளைப் பிரிக்கவில்லை. வீடு சரிந்தால் தூக்கிக்கொண்டு ஓடச் சுலபம். எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

அதன்பிறகு மூன்று நாள் நான் அந்த வீட்டில் மெதுவாக நடந்தேன். தம்பி ஓடினால் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். கதவைச் சாத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு சாத்தினேன். வெயில் சதுரத்துக்குள் உட்காரப் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வளைவு திரும்பும்போது, வீடு இருக்கிறதா என்று முதலில் கூரையைத் தேடுவேன்.

நாலாம் நாள், கீழ் வரிசையில் ஒரு வீட்டுக்கு மேசன் பாஸ் படிக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டைக் கட்டியவர் அவர்தான்; கொத்தனாரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களவர். கொத்மலைப் பக்கத்து ஆள். தமிழை அவருக்கு வசதியான மாதிரி பேசுவார். என்னைத் 'துவே' என்பார், மகளே என்று அர்த்தம். நான் நேராக அவரிடம் போய் நின்றேன்.

"பாஸ், எங்க வீடு உறுதி இல்லையாம். அம்மா சொன்னாங்க."

அவர் கையிலிருந்த கரண்டியைச் சாந்துக்குள் குத்தி நிறுத்திவிட்டு எழுந்தார். "யாரு சொன்ன? நான் கட்டின வீடு துவே! வா, போய்ப் பாக்க."

படியேறி வந்து, ஒரு சுவர் விடாமல் விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள்.

"நங்கி, சுவர் நல்லம்" என்றார். தங்கச்சி என்று கூப்பிடுவது அவர் வழக்கம். "இது மேல் பூச்சு மட்டும்தான் விழுந்த. இந்தப் புள்ளைக்கு ஏன் உறுதி இல்ல சொல்லி சொன்ன? பயந்துபோய் இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"நான் சொன்னது அந்த உறுதி இல்ல பாஸ். காணி உறுதி. பத்திரம்."

வீட்டுப் பத்திரத்துக்கும் நம் ஊரில் உறுதி என்றுதானே பெயர். அது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். குடிவந்த வாரமே ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் வரும் போம்மா என்றிருக்கிறார்கள். எப்போது என்று கேட்டதற்கு, யாருக்கும் தெரியாது என்றிருக்கிறார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஊருக்கெல்லாம் உறுதி வந்துவிட்டதாகச் சொல்லிவைத்திருக்கிறார்.

"நானும் கொத்மலைப் பக்கந்தான் பாஸ் பொறந்தது" என்றாள். "பத்து வயசிருக்கும். தோட்டத்த விட்டு ஒரு வாரத்துல போங்கன்னாங்க. எங்கம்மா செவுத்துல இருந்த படமெல்லாம் ஒண்ணொண்ணா கழட்டிக்கிட்டு இருந்தாங்க. கழட்டி முடிக்கல, லொறி வந்துருச்சு. பாதி அங்கேயே நின்னுபோச்சு. இப்பவும் செவுத்துல ஏதாச்சும் தொங்குனா எனக்கு லொறிச் சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு. இவரு என்னமோ கண்டாக்கு ஐயா ஏசுனதுக்குப் பயப்படுறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

மேசன் பாஸ் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அம்மா பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்த பிறகு அவர் பேசினார்.

"எங்களுக்கு உறுதி இருந்திச்சி நங்கி. அப்பா பேருல, அப்பாட அப்பா பேருல, எல்லாம் பெட்டிக்குள்ள பத்திரமா இருந்திச்சி. அணை கட்டின பொறகு எங்கட ஊர் அந்தப் பெரிய குளத்துக்குள்ள. தண்ணி வந்து உறுதி காட்டு சொல்லி கேக்கல்லத்தானே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "போகச் சொல்லி கடிதாசி வந்த பொறகு, என்ட நோனா, பொஞ்சாதி, வீட்டுக்கு சுண்ணாம்பு அடிச்ச. அவுருது வருது, புது வருஷம், சொல்லி. நான் நல்லா ஏசின. தண்ணிக்குள்ள போற வீட்டுக்கு சுண்ணாம்பு என்னத்துக்கு? அவ கேக்கல்ல. ஏணி வச்சி ஏறி அவளே அடிச்ச. அந்த அவுருதுக்குப் பால் பொங்கின. புள்ளைகள் ஊஞ்சல் ஆடின. மூணு மாசம் பொறகுதான் போன."

"மூணு மாசத்துக்கா? வீணாப் போச்சேன்னு அவங்களுக்கு இல்லையா?" என்று கேட்டாள் அம்மா.

"மூணு மாசம் நங்கி!" என்று மூன்று விரலைக் காட்டினார் அவர், அது எவ்வளவு என்று அம்மாவுக்குக் கணக்குத் தெரியவில்லை என்பதுபோல.

பிறகு சாந்து குழைத்து, பெயர்ந்த இடத்தைப் பூசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார். வெள்ளைச் சுவரில் ஈரச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அது காய்வதற்கு ஐந்தாறு நாளானது. அந்த நாட்களில் அம்மா முன்னறைக்குள் அடிக்கடி வந்து நின்றாள். வட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு வீடு விழாது என்று தெரிந்துவிட்டது. மறுபடி வெயிலுக்குள் போய் உட்கார்ந்தேன்.

சித்திரைப் பிறப்புக்கு நாலு நாள் இருந்தது. அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து பின்னறையில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த அஞ்சாவது சாக்க இப்படி இழு."

அவிழ்த்தாள். உள்ளே இருந்து மஞ்சள், நீலம், ரோஸ் என்று துணியாக வந்தது. பழைய சேலைகள், ஜாக்கெட்டு வெட்டி மிஞ்சிய துண்டுகள், ஒட்டி ஒட்டி, ஓரம் மடித்து, கையாலேயே தைத்த சன்னல் திரைகள். கீழ்க்கரையில் சின்னச் சின்னப் பூ வேலை. நாங்கள் பிறந்து வளர்ந்த காம்பராவில் ஒரே ஒரு சன்னல்தான், அதுவும் பலகை. நான் மடியில் வைத்து எண்ணினேன். ஆறு சோடி.

"எப்பம்மா தைச்சீங்க?"

"நீ வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சது. நேரம் கெடைக்கிறப்ப."

"நமக்கு அஞ்சு சன்னல்தானே?"

"எனக்கு என்ன தெரியும்? நான் ஆறுன்னு நெனச்சிருந்தேன்." ஒரு திரையை எடுத்துச் சன்னலில் வைத்துப் பார்த்தாள். தரை வரைக்கும் வந்து இன்னும் மிஞ்சியது. "நான் நெனச்ச சன்னல் இதவிடப் பெரிசு" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். பதினொரு வருஷமாக அவள் மனசுக்குள் ஒரு வீடு இருந்திருக்கிறது. அதில் எங்களில் யாரும் கால்வைத்ததில்லை. வீடு வைக்கத் தெரியாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

தேயிலைப் பெட்டியைச் சன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். பெட்டி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டுக்கு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குடு, நான் அடிக்கிறேன்" என்றார் மெதுவாக.

"வேணாங்க. நீங்க அங்கேயே நில்லுங்க."

விரல் முட்டியால் சுவரைத் தட்டினாள். இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினாள். ஆணியை வைத்தாள். ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்தினாள். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக் காதுகொடுத்தாள். நாங்களும் கேட்டோம். பனிமூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு பஸ் பாடிக்கொண்டு போனது. வேறு ஒன்றும் வரவில்லை. அம்மா திரும்பி இரண்டாவது அடி அடித்தாள். பிறகு நிறுத்தவேயில்லை. கட்டைவிரலில் ஓர் அடி பட்டு நகம் கறுத்ததைக்கூடச் சாயங்காலம்தான் கவனித்தாள்.

"உறுதி வரும் புள்ள" என்றார் அப்பா. அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஊரிலேயே பயமில்லாத ஆள் என்று நான் நினைத்திருந்த மனுஷன். இப்போது யோசித்தால், மணிக்கூடு வாங்கி வந்ததே தன் பயத்துக்குத்தான் என்று தோன்றுகிறது.

"வர்றப்போ வரட்டும். வர்றப்போ வீடு வீடா இருக்கட்டும்" என்றாள் அம்மா, வாயில் இரண்டு ஆணியைக் கடித்துக்கொண்டு.

பொழுது சாய்வதற்குள் ஒன்பது சாக்கும் காலி. கோப்பைகள் சன்னல் கட்டையில் ஏறின. ஒரு மூலையில் சாமி படம் வந்தது. அத்தையின் பிளாஸ்டிக் ரோசாப்பூவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. மஞ்சள் திரை வழியாக வந்த வெளிச்சத்தில் நாங்கள் நாலு பேரும் வேறு நிறமாக இருந்தோம். தம்பி கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டான்.

உறுதி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அப்பா இருந்தவரை வரவில்லை. அவர் போய்ப் பல வருஷம் கழித்து ஒரு தாள் வந்தது. அதில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தத் தம்பி இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான். அதற்குள் அம்மா அந்த வீட்டுக்கு நாலு தரம் நிறம் மாற்றிவிட்டாள்.

நான் சொல்ல வந்தது, திரை மாட்டியதற்கு அடுத்த நாள் நடந்தது. மேல் வரிசையில் ஓர் அக்கா இருந்தாள். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள். காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று சன்னலையே பார்த்தாள். அவள் கையில் ஒரு பழைய பச்சைச் சேலை மடித்து இருந்தது.

"மதினி, எனக்கும் இதுல ரெண்டு தைச்சுத் தாறீங்களா?"

அளவெடுக்க அம்மா போனாள். நானும் பின்னால் போனேன். எங்கள் வீடு மாதிரியே வீடு. அதே நாலு அறை, அதே சுண்ணாம்பு வாசம். அந்த அக்காவின் குரலும் சுவரில் பட்டு இரண்டு தரம் கேட்டது. குசினியில் ஆறு பாய் சுருட்டி வைத்திருந்தது. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. அம்மா அதைத் தள்ளினாள்.

சுவரோடு சேர்த்து, வாய் இறுகக் கட்டி, ஏழு சாக்கு மூட்டைகள் இருந்தன.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எடுத்து வைக்கணும் மதினி. நாளைக்கு நாளைக்குன்னு..." என்று இழுத்தாள். "பக்கத்து வீட்டுலயும் இப்படித்தான் கெடக்கு. நீங்க யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

அம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். முதல் மூட்டைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்துத் தளர்த்திவிட்டு, அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க, ஆளுக்கொரு பக்கம் புடிப்போம்."